ஒன்பதரை மணிக்குப் பூட்டப்படும் ஆராய்ச்சி

இது நீண்ட பதிவு. உடன்படுகிறவர்கள் நேரமிருந்தால் படிக்கலாம். உடன்படாதவர்கள் அவசியம் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் தில்லியில், செயற்கை நுண்ணறிவுக் கல்வியில் மகளிர் என்னும் பொருளில் ஓர் அரங்கு நடந்தது. மேடையில் ஐவர். நால்வர் ஆண்கள், ஐந்தாமவர் பெண், அவர் நெறியாளர். விருந்தினர்களுக்குப் பூங்கொத்து கொடுக்கவும் குத்துவிளக்கின் அருகே தீப்பெட்டியுடன் நிற்கவும் ஆய்வு மாணவிகளாகிய எங்களை அழைத்திருந்தார்கள். (இயந்திரக் கற்றலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து நான் ஐயந்திரிபறக் கற்றுத் தேர்ந்தவற்றுள் பூங்கொத்து கொடுப்பதும் ஒன்று. ஒளிப்படக்காரர் தலையசைக்கும்வரை கையை எடுக்கக் கூடாது.) தலைமையுரை ஆற்றிய மூத்த பேராசிரியர், பெண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கணினி ஆர்வத்தை ஊட்ட வேண்டும், ஆர்வமின்மையே இந்தச் சிக்கலின் வேர் என்றார். கைதட்டல் எழுந்தது. கேள்வி நேரம் தொடங்கியபோது மணி எட்டரையைத் தாண்டிவிட்டது. என் விடுதி வாயில் ஒன்பதரைக்கு அடைபடும். மெட்ரோவில் இரண்டு தடம் மாற வேண்டும். உயர்த்திய கையை இறக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவரிடம் கேட்க நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆர்வம் இல்லை என்பதற்குச் சான்று என்ன? 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி அறிவியல் பிரிவில் பயின்றோர் 57.2 இலட்சம் பேர். அவர்களுள் பெண்கள் 29.8 இலட்சம், ஆண்கள் 27.4 இலட்சம். பொறியியலுக்கு வந்தால் பெண்களின் பங்கு முப்பது விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடுகிறது. ஐஐடிகளின் இளநிலைச் சேர்க்கையில் 2017 வரை பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. உலக அளவில், செயற்கை நுண்ணறிவுப் பணியிடங்களில் பெண்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு என்று உலகப் பொருளாதார மன்றத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஆராய்ச்சியாளர்களுள் 12 விழுக்காடுதான் என்று யுனெஸ்கோவின் 2019ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது. அதாவது, ஏணியில் ஏற ஏறத் தலைகள் குறைகின்றன. ஆர்வம் என்பது படியேறும்போது பையிலிருந்து தவறி விழும் சில்லறைக் காசா?

அறிவியல் பட்டப்படிப்பில் சேர்வதும் செயற்கை நுண்ணறிவு படிப்பதும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படியானால் காஷ்மீரி கேட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1998இல் கல்லூரியாகத் தொடங்கி 2013இல் பல்கலைக்கழகமான இந்திரா காந்தி தில்லி மகளிர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. செயற்கை நுண்ணறிவைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பொறியியல் பட்டப்படிப்பு அங்கே உண்டு. ஜேஇஇ மெயின் தேர்வின் தரவரிசைப்படி சேர்க்கை. அந்த வளாகத்தில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தால் ஆர்வம் ஊட்டப்பட வேண்டியது யாருக்கு என்ற ஐயம் வந்துவிடும்.

நம் அரங்குகளில் பேசப்படும் நோயறிதல் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அங்கே 1980களின் நடுவில் கணினியியல் பட்டம் பெற்றவர்களுள் பெண்கள் 37 விழுக்காட்டினர். அதன்பின் அந்த எண் பல ஆண்டுகள் சரிந்துகொண்டே போயிற்று. வீட்டுக் கணினி ஆண்பிள்ளையின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது, கணினி வல்லவன் என்றாலே ஒருவகை ஆணின் உருவம் மனத்தில் எழுந்தது என்றெல்லாம் அங்கே காரணம் கண்டார்கள். அந்நாட்டுக்கு அது பொருந்தலாம். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ரோலி வர்மா இந்தியக் கணினியியல் மாணவிகளிடையே நடத்திய ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. கணினித்துறை பெண்களுக்கு ஒவ்வாதது என்று நம் மாணவிகள் கருதவில்லை. கூரைக்குள் இருந்து செய்யும் வேலை, உடலை வருத்தாத வேலை, மதிப்பும் சம்பளமும் உள்ள வேலை; ஆகவே பெண்ணுக்கு ஏற்றது என்றே கருதினார்கள். பெற்றோரும் அவ்வாறே கருதினார்கள்.

இதற்கு ஆய்வு தேவையில்லை, என் அம்மாவே போதும். நான் கணினியியல் எடுக்கட்டுமா என்று கேட்டபோது அவர் சொன்னது: "எடு. ஏசி ரூம்ல ஒக்காந்து பாக்குற வேலை. வெயில்ல அலைய வேணாம், கண்டவன்கிட்ட பேச வேணாம்." கட்டுமானப் பொறியியல் படிக்க விரும்பிய என் அத்தை மகளுக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது கணினி மீதான நம்பிக்கையால் அன்று. கணினி ஓர் அறைக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கையால்.

இந்த இடத்தில்தான் நம் சிக்கல் முடிச்சிட்டிருக்கிறது. எந்தக் காரணத்தால் வாயில் திறந்ததோ அதே காரணம் எல்லைக்கோடாகவும் ஆகிறது. அறைக்குள் இருக்கும்வரை, பகலில் முடியும்வரை, ஊருக்குள் கிடைக்கும்வரை, இருபத்தைந்து வயதுக்குள் தீரும்வரை கணினியியல் பெண்ணுக்கு ஏற்ற துறை. செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி இந்த நான்கையும் மீறுகிறது. நல்ல நிறுவனத்தில் நுழையவே ஓராண்டைப் பந்தயம் வைக்க வேண்டும். வேலை இரவில் நடக்கும். படிப்பு முடியும்போது முப்பது வயதாகியிருக்கும். பெண்களுக்குத் தட்டுப்பாடாக இருப்பது நேரம். ஆர்வத்தைப் பற்றிப் பேசினால் யாருக்கும் செலவில்லை. நேரத்தைப் பற்றிப் பேசினால் விடுதிக் காப்பாளர், நிதி அலுவலர், நெறியாளர், தந்தை, கணவர் என்று பலர் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டிவரும்.

பந்தய ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். தில்லி ஐஐடியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் காலு சராய் இருக்கிறது. ஜேஇஇ பயிற்சி நிலையங்களின் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் தெருக்கள். முதல் முறை இடம் கிடைக்காத மகனுக்கு இன்னோர் ஆண்டு கொடுக்கப்படுகிறது. கடன் வாங்கிக் கோட்டாவுக்கும் அனுப்புகிறார்கள். மகளுக்குச் சொல்லப்படுவது, கிடைத்ததில் சேர்ந்துகொள் என்பது. இது கொடுமை செய்யும் பெற்றோரின் கதையன்று. கல்யாணச் செலவை ஒரு கண்ணாலும் கல்விச் செலவை மறு கண்ணாலும் பார்த்துக் கணக்குப் போடும் நல்ல பெற்றோரின் கதை. விளைவு மட்டும் ஒன்றே.

2018இல் ஐஐடிகள் பெண்களுக்கென மிகை இடங்களை உருவாக்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் பெண்களின் பங்கை 20 விழுக்காட்டுக்குக் கொண்டுவர இலக்கு வைத்தன. உடனே தகுதி போயிற்று என்று ஒரு கூக்குரல். அந்த இடங்களில் சேர்ந்தவர்களும் அதே ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தேறியவர்களே. மிகை இடம் என்ற சொல்லே சொல்கிறது: ஓர் ஆணின் இருக்கைகூடக் குறையவில்லை, பந்தியில் இலை தீர்ந்ததும் திண்ணையில் இன்னொரு வரிசை போட்டார்கள். அதற்கே அவ்வளவு வருத்தம். இதற்குமேல் இந்தத் தகுதி வாதத்துக்கு நான் இடம் ஒதுக்கப்போவதில்லை.

இரவைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. வெளித்துறை நண்பர்களுக்காக விளக்குகிறேன். எங்கள் வேலைக்கு ஜிபியு என்னும் விலையுயர்ந்த செயலிகள் தேவை. ஒரு துறையில் அவை கைவிரல்களில் எண்ணத்தக்க அளவே இருக்கும்; அனைவரும் வரிசையில் நின்று பகிர்ந்துகொள்வோம். பகலில் முதுகலை மாணவர்களின் பாடப்பணிகள் வரிசையை அடைத்துக்கொள்ளும். இரவு பத்துக்குமேல் இடம் காலியாகும். மாநாடுகளின் கெடுவோ பூமியில் கடைசியாக நாள் முடியும் இடத்தின் நேரப்படி அமையும். நமக்கு அது மறுநாள் மாலை ஐந்தரை மணி. எனவே கெடுவுக்கு முந்தைய இரவு என்பது எங்கள் துறையின் தீபாவளிக்கு முந்தைய இரவு. ஆய்வகத்தில் விளக்கு அணையாது.

"அதற்கென்ன, விடுதி அறையிலிருந்தே மடிக்கணினி வழியாகச் சர்வரில் நுழையலாமே?" என் நெறியாளர் உட்பட நல்லெண்ணம் கொண்ட பலரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். நுழையலாம், நுழைந்துகொண்டுதான் இருக்கிறேன். நிரலை அறையிலிருந்து ஓட்டிவிட முடியும். கற்றுக்கொள்ள முடியாது. இயந்திரக் கற்றலில் பாடநூலில் இல்லாத அறிவு ஏராளம். கற்றல் வீதத்தை எந்த இடத்தில் குறைப்பது, சோதனைத் தரவு பயிற்சித் தரவுக்குள் கசிந்திருப்பதை எந்த அறிகுறியால் மோப்பம் பிடிப்பது, மிக நன்றாக வந்த முடிவை ஏன் முதலில் சந்தேகிக்க வேண்டும், எந்த ஆய்வுக்கட்டுரையின் எண்களை மீட்டெடுக்க யாராலும் முடியவில்லை, இவையெல்லாம் வாய்வழியாகவே கைமாறுகின்றன. நள்ளிரவு ஒரு மணிக்கு, பயிற்சி ஓட்டம் சிதைந்துபோய், மூத்தவர் ஒருவர் அலுப்போடு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடங்களில் கைமாறுகின்றன. வளாக வாசலில் தேநீர்க் கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் அடுத்த கட்டுரையின் கரு பிறக்கிறது. அந்தத் தேநீரைக் குடித்தவர்களே அதன் இணையாசிரியர்கள் ஆகிறார்கள். இதில் சதி எதுவும் இல்லை. இருந்தவர்களை வைத்து வேலை நடந்தது, நாங்கள் இருக்கவில்லை.

என் முதலாண்டில், விடியற்காலை செய்தி பார்க்கும்போது ஆய்வகக் குழுவில் எழுபது எண்பது செய்திகள் குவிந்திருக்கும். முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும். நான் செய்ய வேண்டிய பகுதியும் எனக்காக முடிவு செய்யப்பட்டிருக்கும்: பெரும்பாலும் அட்டவணைகளைச் சரிபார்ப்பது, மொழிநடையைத் திருத்துவது. "உனக்கு எழுத்து நன்றாக வருகிறது" என்று பாராட்டுவார்கள். அவர்கள் நல்லவர்கள். நான் கேட்டதையெல்லாம் விளக்கினார்கள். எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க நான் அந்த இரவில் அங்கே இருந்திருக்க வேண்டும்.

தாமதமாக வர அனுமதி உண்டு. மாதத்துக்கு இத்தனை முறை என்று. நெறியாளரின் கையொப்பம், பெற்றோருக்குத் தொலைபேசி, வாயில் பதிவேடு. இருபத்தெட்டு வயதில், வாக்குரிமையும் வருமானவரி எண்ணும் உள்ள ஒருத்தி, நரம்பியல் வலையமைப்பு ஒன்று இன்னும் குவியவில்லை என்பதைத் தன் தந்தைக்குத் தொலைபேசியில் விளக்கி அனுமதி பெறும் காட்சியை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள். என் தந்தை பாவம், "அது எப்பம்மா குவியும்?" என்று கேட்டார்.

இதற்கெல்லாம் பாதுகாப்பு என்று பெயர். பாதுகாப்பு பொய்க் கவலை என்று நான் சொல்லமாட்டேன். தில்லியில் வாழும் பெண் எவளும் சொல்லமாட்டாள். பொருளியலாளர் கிரிஜா போர்க்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு இங்கே கட்டாயம் படிக்கப்பட வேண்டியது. போய்வரும் வழி கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கும் என்றால், தரத்தில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வரும் கல்லூரியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியில் உள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும் மாணவிகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். பாதுகாப்பான வழிக்காக ஆண்களைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 18,800 ரூபாய் கூடுதலாகச் செலவிடவும் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று அவர் கணக்கிட்டார். அதாவது, தெருவின் அச்சம் மதிப்பெண்ணைத் தின்கிறது. பேருந்து நிறுத்தத்தில் தொடங்கும் இழப்பு ஆராய்ச்சி மாநாட்டின் பெயர்ப்பட்டியலில் முடிகிறது.

ஆபத்து தெருவில் இருக்கும்போது பூட்டு ஏன் எங்கள் அறையில் தொங்குகிறது? இதையும் நான் புதிதாகக் கேட்கவில்லை. 2015இல் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் விடுதி மாணவிகளின் தாமத அனுமதி நிறுத்தப்பட்டபோது, தில்லி மாணவிகள் பிஞ்ஜ்ரா தோட், கூண்டை உடை, என்று தெருவுக்கு வந்தார்கள். அதற்கு முன்பே, 2013இல், யுஜிசி அமைத்த சக்ஷம் குழு தன் அறிக்கையில் தெளிவாக எழுதிவிட்டது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான யுஜிசியின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அதையே விதியாக்கின: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான கட்டுப்பாடுகளை மகளிர் விடுதிகளில் விதிக்கக் கூடாது. விதி இருக்கிறது. பத்தாண்டுகளாக இருக்கிறது. 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் ஒன்பதரை மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. (ஒன்பதரை என்பதில் இந்தியக் காப்பாளர்களிடையே நிலவும் ஒருமைப்பாடு வியப்புக்குரியது.) கட்டுப்பாடு இல்லாத நிறுவனங்களும் தளர்த்திய நிறுவனங்களும் இருக்கின்றன, அங்கே வானம் இடிந்து விழுந்ததாகச் செய்தியில்லை.

2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இந்தியா ஏஐ இயக்கத்துக்கு 10,371.92 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜிபியுக்கள் அதன் இலக்குகளுள் ஒன்று. நல்லது, எங்களுக்கு உண்மையிலேயே தேவை. ஆனால் அந்த ஜிபியுக்கள் இரவு பன்னிரண்டுக்கு யாருக்காக ஓடும்? ஒரு காவலர், வெளிச்சமுள்ள நடைபாதை, இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு ஒரு சிற்றுந்து, ஆய்வகத் தளத்தில் பூட்டப்படாத ஒரு மகளிர் கழிப்பறை. ஒரு நடுத்தர ஜிபியுவின் விலைகூட ஆகாது. கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் படியுங்கள்: எங்கள் தளத்தில் ஆறு மணிக்குப் பிறகு அதன் சாவி துப்புரவுப் பணியாளரோடு வீட்டுக்குப் போய்விடும்.

இரவு இப்படி என்றால், ஆண்டுகள் எப்படி? முனைவர் பட்ட விதிகளில் பெண்களுக்கு ஈராண்டு கூடுதல் கால அவகாசமும் 240 நாள் மகப்பேற்று விடுப்பும் உண்டு. இதை வாங்கித் தந்தவர்களை வணங்குகிறேன். ஆனால் இளநிலை ஆய்வுத் தகைமையின் உதவித்தொகை ஐந்தாண்டுகளோடு நின்றுவிடும். அவகாசம் நீளும், சோறு நீளாது. அதைவிடக் கொடியது எங்கள் துறையின் வேகம். இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமிட்ட டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை வெளிவந்தது 2017இல். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30 அன்று. எங்கள் ஆய்வகத்தின் மூத்த அக்கா ஒருவர் அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மகப்பேற்று விடுப்பில் போனார். இந்திய மொழிகளில் வினா-விடை அமைப்புகளைப் பற்றி மூன்றாண்டு உழைப்பு. கோடையில் திரும்பியபோது அவருடைய ஆய்வுக்கேள்வியை உலகம் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. ஆண்களுக்கும் அதே அதிர்ச்சி நேர்ந்தது. அவர்கள் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆய்வகத்தில் உட்கார்ந்து தலைப்பை மாற்றிக்கொண்டார்கள். அக்கா புதிதாகத் தொடங்கினார், ஒரு கையில் குழந்தையோடு. வளாகத்தில் குழந்தைக் காப்பகம் திறப்பதற்கான கோப்பு அன்றும் நகர்ந்துகொண்டிருந்தது, இன்றும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அவர் இப்போது ஆராய்ச்சியில் இல்லை. அரங்கில் பேசப்படும் ஆர்வம் குன்றியவர்கள் கணக்கில் அவரும் ஒருவர்.

விடுதியில் இல்லாமல் வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவியருக்கு வாயில் பதிவேடு இல்லை, அடுப்பு உண்டு. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். வேறுபாடு மூன்று மணி நேரத்துக்கும் மேல். இணையத்தில் எல்லாப் பாடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றனவே, யார் தடுத்தது என்று கேட்கும் தம்பிகளுக்கு இந்த ஓர் எண் போதும்.

இனி என் பக்கத்து நண்பர்களோடும் ஒரு சண்டை. பெண்கள் வந்தால்தான் செயற்கை நுண்ணறிவின் பாகுபாடு நீங்கும் என்கிறீர்கள். 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகமறியும் மென்பொருள்களைச் சோதித்து, கருநிறப் பெண்கள் விஷயத்தில் பிழை 34.7 விழுக்காடு வரை போவதையும் வெண்ணிற ஆண்களுக்கு அது 0.8 விழுக்காட்டைத் தாண்டாததையும் காட்டினார்கள். மகத்தான ஆய்வு. ஆனால் அதிலிருந்து நீங்கள் பெறும் பாடம் விபரீதமாக இருக்கிறது. ஆண்கள் கட்டியதைக் கழுவித் துடைக்கப் பெண்கள் வரவேண்டும் என்றாகிவிடுகிறது. வீட்டில் பார்த்த வேலைப் பிரிவினைதானே இது? என்னிடம் இதுவரை மூன்று பேர், அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கு மாறிவிடேன், உனக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அறிவுரை கூறியிருக்கிறார்கள். நான் செய்வது உகப்பாக்கம் பற்றிய கணிதம். அதில் கருணைக்கு வேலையில்லை; குவிவுக் கோட்பாடுகளுக்குத்தான் வேலை. உடன் பயிலும் ஆண்கள் எவரிடமும், நீ வந்தால் துறைக்கு என்ன நன்மை என்று யாரும் கேட்டதில்லை. அவனுக்குப் பிடித்திருக்கிறது, வந்திருக்கிறான்.

பெண்கள் செயற்கை நுண்ணறிவில் இல்லவே இல்லை என்பதும் தவறு. படங்களிலும் பதிவுகளிலும் தரவுக்குறியிடும் வேலையில் பெருந்திரளாக இருக்கிறார்கள். கொல்கத்தாவின் மெட்டியாபுருஸில் ஐமெரிட் நிறுவனத்தின் மையத்தில் அப்பகுதி முஸ்லிம் பெண்கள் உலகின் இயந்திரங்களுக்குப் பார்வை பயிற்றுவித்ததைப் பல இதழ்கள் எழுதியிருக்கின்றன. கூரைக்குள் வேலை, பகல் வேலை, உள்ளூர் வேலை. என் அம்மாவின் நிபந்தனைகள் அனைத்தும் பொருந்துகின்றன. அந்த ஊதியம் அவர்கள் வீடுகளில் கொண்டுவந்த மாற்றத்தை நான் இகழமாட்டேன். ஆனால் இந்நிபந்தனைகளை விதித்தால் பெண்கள் தரவுக்கு எவ்வளவு அருகில் வரலாம், ஆய்வுக்கட்டுரைக்கு எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடையாது.

ஒரு பழைய கதையை இங்கே நினைவூட்ட வேண்டும். 1940இல் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின்பொறியியலில் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர்; கைக்குழந்தைக்குத் தாய். தந்தை பாப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டேதமிடமும் பேசி மகளுக்கு இடம் பெற்றுத் தந்தார். நம் அரங்குகளில் இந்தக் கதையை அதோடு முடித்து, லலிதாவின் மன உறுதியைப் போற்றிக் கைதட்டி விடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. விடுதியில் மகள் தனியாக இருக்கிறாள் என்று கண்ட சுப்பாராவ், அவளை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. வாயிலுக்குப் பூட்டுப் போடச் சொல்லவுமில்லை. பெண்களுக்கும் சேர்க்கை உண்டு என்று கல்லூரி விளம்பரம் செய்ய வகை செய்தார். பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் கட்டுமானப் பொறியியலுக்கு வந்தார்கள். லலிதாவின் பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற் சுட்டை அடித்துவிட்டுப் பெண்பாற் சுட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, போர்க்காலத்தில், ஒரு குடியேற்ற அரசின் கல்லூரி அலுவலகத்துக்கு அந்தப் பேனாவைத் திறக்கத் தெரிந்திருந்தது.

என் கோரிக்கைகள் சிறியவை. ஜிபியு வரிசை யார் பெயரில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைச் சர்வர் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிறது. துறைகள் அதை ஆண், பெண் வாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும். கூடுதல் கால அவகாசம் தரும் விதி அதே அளவுக்கு உதவித்தொகையையும் தரட்டும். 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறையைக் கடைப்பிடிக்கிறோமா என்று தரமதிப்பீட்டுக் குழுக்கள் விடுதி வாயிலில் நின்று, இரவு பத்து மணிக்கு, பார்க்கட்டும். அடுத்த மகளிர் தின அரங்கை மாலை நான்கு மணிக்கு வையுங்கள். பூங்கொத்துகளை ஆண் ஆய்வாளர்கள் கொடுக்கலாம். பயிற்சி அளிக்க நான் ஆயத்தம்.

இந்தப் பதிவைப் படிக்கும் ஆய்வு மாணவியர், காஷ்மீரிலிருந்து குமரி வரை எங்கிருந்தாலும், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, உங்கள் விடுதி வாயில் மூடும் நேரத்தையும் எதிரே உள்ள ஆடவர் விடுதி மூடும் நேரத்தையும் கீழே எழுதுங்கள். தொகுத்து யுஜிசிக்கு அனுப்பப்போகிறேன். என்னுடையதை முதலில் எழுதுகிறேன். மகளிர் விடுதி: 9.30. ஆடவர் விடுதி: வாயிலுக்குக் கதவில்லை.